பழைய கான் ட்ராம்போன்: மவுத்பீஸ் ஆடுகிறது, எதைப் பொருத்துவது?

வடகரை:
வணக்கம். டொரான்டோ பக்கம் ஒரு சமூக விண்ட் பேண்டில் ட்ராம்போன் வாசிக்கிறேன். வாசிப்பை நிறுத்திவிட்ட ஒரு பெரியவரிடமிருந்து போன மாதம் கான் கம்பெனியின் பழைய 88எச் ட்ராம்போன் ஒன்று வாங்கினேன், பெல்லில் எல்கார்ட், இண்டியானா என்று முத்திரை இருக்கிறது, எஃப் அட்டாச்மென்ட் (கட்டைவிரலால் திறக்கும் கூடுதல் குழாய்) உண்டு, ஸ்லைடு வெண்ணெய் போல ஓடுகிறது. மவுத்பீஸ் மட்டும் அவரிடம் இல்லை. என் மற்றொரு ட்ராம்போனில் பாக் கம்பெனியின் 5ஜி மவுத்பீஸ், பெரிய ஷாங்க் (கருவிக்குள் நுழையும் தண்டு) உள்ளதை வைத்துத்தான் வாசிக்கிறேன், அதை இதில் வைத்தால் வழக்கத்தை விட வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, விரலால் தட்டினால் லேசாக ஆடுகிறது. நடு ஸ்தாயி அருமை. மேல் பி-ஃபிளாட் போகப் போகத் தாழ்ந்து, பிடிப்பே இல்லாமல் வழுக்குகிறது. சிறிய ஷாங்க் மவுத்பீஸ் வைத்துப் பார்த்தால் அது கிணற்றில் விழுவது போல உள்ளே போய்விடுகிறது. இங்கே ஒரு கடையில் கேட்டதற்குப் பெரிய ஷாங்க் எல்லாம் ஒரே அளவுதான், வாசிக்க வாசிக்கப் பழகிவிடும் என்றார்கள். இன்னொரு ரிப்பேர்காரர் மவுத்பீஸ் நுழையும் வாயான ரிசீவரை ரீமர் என்ற குடையும் கருவி போட்டு அகலப்படுத்தித் தருகிறேன் என்கிறார். இரண்டுமே மனதுக்கு ஒப்பவில்லை. இந்தக் கருவிக்கு உண்மையில் எந்த மவுத்பீஸ் பொருந்தும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பித்தளைப் பட்டறை:
ரீமர் போட விடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

உங்களிடம் இருப்பது பெரும்பாலும் ரெமிங்டன் ஷாங்குக்கான ரிசீவர். ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் 1922 முதல் 1971 வரை ட்ராம்போன் கற்பித்த எமரி ரெமிங்டன் பெயரில் கான் நிறுவனம் ஒரு மவுத்பீஸ் செய்தது, பழைய 8எச், 88எச் கருவிகளோடு அதைத்தான் கொடுத்தார்கள். அதன் ஷாங்க் மற்றவர்களுடையது போன்றதல்ல. பாக் முதலியவர்களின் ஷாங்க் மோர்ஸ் டேப்பர் என்ற சரிவை ஒட்டியது, அதாவது ஏறக்குறைய 20 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. விட்டம் கூடும். ரெமிங்டன் ஷாங்க் பிரவுன் அண்ட் ஷார்ப் டேப்பர், அதில் 24 மி.மீ. நீளத்துக்குத்தான் 1 மி.மீ. கூடும். ஓர் அங்குல நீளத்துக்குக் கணக்குப் போட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்கூட வராது, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காற்றுக்கும் உதட்டுக்கும் நன்றாகவே தெரியும்.

உங்கள் 5ஜி சீக்கிரம் பருத்துவிடுகிறது, ரிசீவர் அவ்வளவு சீக்கிரம் குறுகுவதில்லை. அதனால் ஷாங்க் ரிசீவரின் வாயில் மட்டும் ஒரு வளையம் போல உட்கார்ந்துவிடுகிறது, நுனி உள்ளே எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது. ஆடுவதும் அதனால்தான், வெளியே நீட்டி நிற்பதும் அதனால்தான். இதையே திருப்பிப் போட்டு, ரெமிங்டன் மவுத்பீஸைப் பாக் கருவியில் வைத்தால் நுனி மட்டும் கவ்வும், வாய்ப்பக்கம் இடைவெளி விழும்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒயிட்போர்டு மார்க்கரால் ஷாங்க் முழுக்கக் கறுப்பாகப் பூசுங்கள், காய்ந்ததும் அழுத்தாமல் உள்ளே வைத்துக் கால் சுற்று திருப்பி நேராக வெளியே எடுங்கள். எந்த இடத்தில் மை அழிந்திருக்கிறதோ அங்கேதான் தொடுகிறது. நல்ல பொருத்தம் என்றால் ஷாங்கின் உள்ளே போன பகுதி முழுவதும் சீராக அழிந்திருக்கும். வளையம் மட்டும் அழிந்திருந்தால் டேப்பர் வேறு. ஒரு பக்கம் மட்டும் அழிந்து எதிர்ப்பக்கம் கறுப்பாகவே இருந்தால் ரிசீவர் நீள்வட்டமாக நசுங்கியிருக்கிறது, அது வேறு நோய், வேறு மருந்து. செய்துவிட்டு எழுதுங்கள்.

ஏழாம் பொசிஷன்:
பட்டறை சார் சொல்லும் அறிவியல் சரிதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த தொழில்முறை ஆட்கள் பலர் பழைய 88எச்சை வழக்கமான பெரிய ஷாங்குக்கு மாற்றிக்கொண்டுதான் வாசிக்கிறார்கள். காரணம் எளிது. ஒரு மவுத்பீஸைத் தேர்ந்தெடுக்கப் பெரும் பாடுபட்டிருப்போம், ஊரில் உள்ள எல்லாக் கடையும் வழக்கமான ஷாங்கில்தான் வைத்திருக்கும். ஒரே ஒரு கருவிக்காக வாழ்நாள் முழுக்க அபூர்வ ஷாங்க் தேடி அலைவதை விட ஒரு தடவை ரிசீவரைச் சரி செய்துவிட்டுப் போகலாமே. 88எச் ஒன்றும் அருங்காட்சியகப் பொருள் கிடையாது, ஏராளமாகச் செய்தார்கள், வாசிப்பதற்காகச் செய்தார்கள். இப்போது கடையில் விற்கும் புது 88எச்கூட வழக்கமான பெரிய ஷாங்கைத்தான் ஏற்கிறது, கம்பெனியே மாறிவிட்டது.

நெய்தல்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், கேள்வி கிட்டத்தட்ட இதே என்பதால் தனி இழை தொடங்கவில்லை. நான் நாகர்கோவில் பக்கம். எங்கள் சபை பேண்டில் பழைய பூசி அண்ட் ஹாக்ஸ் ட்ராம்போன் ஒன்று இருக்கிறது, வெள்ளைக்காரர் காலத்துக் கருவி என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெல் சின்னது, குழாய் ஒல்லி. இப்போது கிடைக்கும் சிறிய ஷாங்க் 12சி மவுத்பீஸ் வைத்தால் நுனி மட்டும்தான் நுழைகிறது, முக்கால்வாசி வெளியே நிற்கிறது. அது போக, கீபோர்டோடு சேர்த்து வாசித்தால் எங்கள் ட்ராம்போன் எப்போதும் மேலே நிற்கிறது, டியூனிங் ஸ்லைடை எவ்வளவு இழுத்தாலும் போதவில்லை. பெரிய மவுத்பீஸ் போட்டால் சுருதி இறங்கும் என்று ஒருவர் சொன்னார், அது நிஜமா?

சுருதிப்பெட்டி:
நெய்தல் தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இறங்காது, இறங்கினாலும் உங்களுக்கு வேண்டிய அளவு இறங்காது. உங்களிடம் இருப்பது ஹை-பிட்ச் கருவியாக இருக்க வாய்ப்பு அதிகம். பிரிட்டனில் ராணுவ பேண்டுகளும் பிராஸ் பேண்டுகளும் நீண்ட காலம் ஏ சுரத்தை ஏறக்குறைய 452 ஹெர்ட்ஸில் வைத்திருந்தார்கள். பிராஸ் பேண்டுகள் 1960கள் வரை அதை விடவே இல்லை. இன்றைய 440க்கும் அதற்கும் இடையே கிட்டத்தட்ட அரை செமிடோன் தூரம். பி-ஃபிளாட் டெனர் என்றால் குழாயில் 7 செ.மீ. அளவுக்கு நீளம் கூட வேண்டும், டியூனிங் ஸ்லைடு இரண்டு கால் உள்ளது என்பதால் அதை 3.5 செ.மீ. இழுத்தால் கணக்குக்குச் சரியாக வரும். பல கருவிகளில் ஸ்லைடு அவ்வளவு நீளமே இருக்காது. நீளமான டியூனிங் ஸ்லைடு செய்து போடுவதுதான் வழி, மவுத்பீஸில் இதற்கு விடை கிடையாது. ஒரு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள், கை ஸ்லைடின் குறுக்குக் கம்பியில் நீளமான கைப்பிடி தொங்குகிறதா? தொங்கினால் அது ஜி பேஸ் ட்ராம்போன், பிரிட்டன்காரர்கள் விரும்பி வைத்திருந்த ரகம், அப்போது பொசிஷன், அதாவது ஸ்லைடை நிறுத்தும் இடங்களின், கணக்கே வேறு.

வடகரைக்கு: மவுத்பீஸ் 5 மி.மீ. வெளியே நிற்பதால் மொத்தச் சுருதி எவ்வளவு மாறும் என்று பாருங்கள். பி-ஃபிளாட் ட்ராம்போன் குழாய் சுமார் 2.7 மீட்டர், 5 மி.மீ. கூடினால் ஒரு செமிடோனில் நூறில் மூன்று பங்குதான். டியூனிங் ஸ்லைடை லேசாக உள்ளே தள்ளினால் தீர்ந்தது. ஆகவே உங்கள் தொல்லை மொத்தச் சுருதியில் இல்லை. மவுத்பீஸின் கோப்பையான கப்பும், அதன் அடித்துளையான த்ரோட்டும், அதற்குக் கீழே அகலும் பேக்போரும், ரிசீவரை அடுத்து உள்ளே ஓடும் சிறு குழாயான லீட்பைப்பும் சேர்ந்துதான் மேல் ஸ்தாயி சுரங்களை ஒன்றோடொன்று வரிசையில் நிறுத்துகின்றன. ஷாங்க் நுனி லீட்பைப்பில் தொட வேண்டிய இடத்தில் தொடாமல் நின்றால் அந்த இடத்தில் குழாய் திடீரென்று அகலும், பிறகு மறுபடி குறுகும். தாழ்ந்த சுரங்களுக்கு அலை நீளம் அதிகம், இதையெல்லாம் அவை கண்டுகொள்வதில்லை. மேலே போகப் போக அலை நீளம் குறைகிறது, சின்னப் பள்ளம்கூடப் பெரிதாகத் தெரிகிறது. நடு அருமை, மேல் வழுக்குகிறது என்று நீங்கள் எழுதியது இதோடு அச்சாகப் பொருந்துகிறது.

சோதிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஸ்லைடை மூடி வைத்து ஸ்லைடை நகர்த்தாமல் உதட்டாலேயே வரும் சுரங்களில் (ஹார்மோனிக்குகள்) இரண்டாம், நான்காம், எட்டாவதை, அதாவது மூன்று பி-ஃபிளாட்டுகளை மட்டும் ஒரு தம்பூரா ஒலியோடு ஒப்பிடுங்கள். ஐந்தாவது ஹார்மோனிக்கான டி இயற்கையாகவே 14 சென்ட் (சென்ட் என்பது செமிடோனில் நூறில் ஒரு பங்கு) தாழ்ந்துதான் வரும், ஏழாவது அதை விட மோசம், 31 சென்ட் தாழும். அவற்றை வைத்து மவுத்பீஸ் மேல் குற்றம் சொல்ல முடியாது.

வடகரை:
எல்லோருக்கும் நன்றி. மார்க்கர் சோதனை செய்தேன். பட்டறை சார் சொன்னபடியே, கப் பக்கம் ஒரு மெல்லிய வளையம் சுற்றிலும் சீராக அழிந்திருக்கிறது, கீழே நுனி வரை மை அப்படியே இருக்கிறது. நசுங்கல் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். பி-ஃபிளாட்டுகளையும் பார்த்தேன், கீழ் இரண்டும் ஒன்றோடொன்று சேருகின்றன, மேலே உள்ளது தெளிவாகத் தாழ்கிறது. இனி என்ன செய்யலாம்? ஷாங்க் மாற்றும் அடாப்டர் என்று ஒன்று விற்கிறார்களே, அது உதவுமா?

பித்தளைப் பட்டறை:
சிறிய ஷாங்கைப் பெரிய ரிசீவரில் வைப்பதற்குத்தான் அடாப்டர். சிறிய ஷாங்கின் நுனி சுமார் 11 மி.மீ., பெரியது சுமார் 12.7 மி.மீ., நடுவில் ஒரு குழல் போட்டு நிரப்புகிறார்கள். அந்தக் குழலின் வெளிப்புறமும் வழக்கமான டேப்பர்தான், அதனால் உங்கள் ரிசீவரில் அதுவும் இதே மாதிரி வாயில் வளையமாக உட்காரும். பெரியதைச் சிறியதில் வைக்க அடாப்டர் என்று எதுவும் இருக்க முடியாது.

உங்களுக்கு நல்ல வழிகள் இருக்கின்றன. பழைய கான் ரெமிங்டன் மவுத்பீஸ் ஒன்றைத் தேடி வாங்கலாம், அமெரிக்காவிலும் கனடாவிலும் பழைய கருவிச் சந்தையில் அது அவ்வளவு அரிதல்ல. கப் அளவு பாக்கின் 5ஜி, 6½ஏஎல் மவுத்பீஸ்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும், உதட்டுக்குப் பெரிய அதிர்ச்சி இராது. இல்லையென்றால் ரெமிங்டன் ஷாங்கோடு செய்து தரும் மவுத்பீஸ் தயாரிப்பாளர்களிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். இன்னொன்று, எனக்குப் பிடித்தது: பழைய 5ஜி ஒன்று மலிவாக வாங்கி அதன் ஷாங்கை லேத்தில் ரெமிங்டன் டேப்பருக்குக் கடைந்துகொள்வது. இது ஏன் பயமில்லாத வேலை என்றால், உங்கள் ஷாங்க் சீக்கிரம் பருப்பதுதானே தொல்லை, ஆகவே உலோகம் கழிய வேண்டியது பெரும்பாலும் கப் பக்கம், அங்கே சுவர் தடிமன் நிறைய இருக்கிறது. நுனிப் பக்கம் சுவர் மெல்லியது, அங்கே அதிகம் கை வைக்க வேண்டியிராது. பேக்போர் அப்படியே இருக்கும்.

கடைகிறவரிடம் கருவியையும் கொண்டுபோய்க் கொடுங்கள், எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். இந்தச் சரிவில் விட்டத்தில் 0.1 மி.மீ. குறைத்தால் மவுத்பீஸ் 2 மி.மீ.க்கும் மேல் உள்ளே போய்விடும். கொஞ்சம் கடைந்து, மை பூசி, வைத்துப் பார்த்து, மறுபடி கொஞ்சம் கடைவது என்று போக வேண்டும். உள்ளே ஏறக்குறைய ஓர் அங்குலம் உட்கார்ந்து, மை சீராக அழிந்தால் நிறுத்திவிடலாம். நீங்கள் இப்போது வாசிக்கும் 5ஜியைக் கடையக் கொடுக்காதீர்கள், கடைந்த பிறகு அது உங்கள் மற்றக் கருவியில் சரியாக உட்காராது.

ஏழாம் பொசிஷனுக்கு: கம்பெனி மாறியது உண்மை, 1970ஐ ஒட்டி எல்கார்ட் ஆலையை விட்டு டெக்ஸஸில் உள்ள அபிலீனுக்குப் போனார்கள், அதற்குப் பிறகும் கைமாறினார்கள், பிற்காலத்தில் ரிசீவரும் மாறியது. ஆனால் புதுக் கருவியில் லீட்பைப் தொடக்கத்திலிருந்தே அந்த ஷாங்குக்காகச் செய்யப்பட்டது. பழையதில் ரீமர் போட்டால் என்ன ஆகும்? வாய்ப் பக்கம்தான் அகலும், ஏற்கெனவே மெல்லியதாக இருக்கும் லீட்பைப் சுவர் இன்னும் மெலியும், நாளைக்கு மவுத்பீஸ் கொஞ்சம் இறுக்கமாக மாட்டினால் வாய் விரிந்து பிளக்கும். அதை விட முக்கியம், அதற்குப் பிறகு அசல் ரெமிங்டன் மவுத்பீஸ் அதில் என்றைக்கும் உட்காராது. மவுத்பீஸைக் கடைந்தது பிடிக்கவில்லை என்றால் இன்னொரு மவுத்பீஸ் வாங்கலாம். லீட்பைப்பைக் குடைந்துவிட்டு அப்படிச் சொல்ல முடியுமா?

ஏழாம் பொசிஷன்:
ரீமர் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், நானும் ரீமரை ஆதரித்து எழுதவில்லை, ரிசீவரைச் சரி செய்யலாம் என்றுதான் எழுதினேன். நான் பார்த்த பெரும்பாலான மாற்றங்களில் பழைய லீட்பைப்பைச் சூடு காட்டிப் பற்றாசை இளக்கி முழுசாக உருவி எடுத்துவிட்டு, கழற்றி மாட்டக்கூடிய புது லீட்பைப் போட்டார்கள். பழையதைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளலாம், வேண்டுமானால் திரும்ப வைக்கலாம். உள்ளே நுழையும் ஒரு சிறு குழாயை மாற்றினால் கருவியின் குணமே போய்விடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பெல்தான் அந்தக் கருவி. எல்கார்ட் காலத்து மெல்லிய சிவந்த பெல்லுக்காகத்தான் எல்லோரும் 88எச்சைத் தேடுகிறார்கள்.

பித்தளைப் பட்டறை:
உருவி எடுப்பது ரீமரை விட ஆயிரம் மடங்கு மேல், அதில் சண்டை இல்லை. ஆனால் அதற்கு முன்பு லீட்பைப் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் எச்சில் ஈரம் பட்டு உள்ளே துத்தநாகம் அரித்துப் போயிருந்தால் பித்தளையில் சிவப்புப் புள்ளிகள் தெரியும், அப்படிப்பட்டது உருவும்போதே கிழிந்துவிடும். முழுசாக வருமா என்பதற்கு எந்த ரிப்பேர்காரரும் உறுதி தர மாட்டார். பெல்தான் கருவி என்பதில் எனக்கு முழு உடன்பாடு கிடையாது. லீட்பைப்பின் மிகக் குறுகிய இடம் எங்கே இருக்கிறது, அதிலிருந்து எவ்வளவு வேகமாக அகல்கிறது என்பதை வைத்துத்தான் ஊதும்போது எதிர்ப்பு எப்படி இருக்கும் என்று முடிவாகும், அந்த 88எச்சுக்கென்று பேர் வாங்கிக் கொடுத்த இலகுவான ஊதலில் அதற்கும் பங்கு உண்டு. முதலில் அசல் மவுத்பீஸோடு ஒரு தடவை வாசித்துப் பார்க்கட்டும். அப்புறம் பிடிக்கவில்லை என்றால் அவர் கருவி, அவர் விருப்பம்.

தாழிசை:
நல்ல இழை. சிங்கப்பூரில் ஒரு ஜாஸ் குழுவில் வாசிக்கிறேன், என்னிடம் பழைய கிங் 2பி இருக்கிறது, இதுவும் பழைய ட்ராம்போன்தான், ஆனால் எதிர் முனைத் தொல்லை. இதில் ஷாங்க் சரியாகவே உட்காருகிறது, வழக்கமான சிறிய ஷாங்க், பட்டறை அண்ணா சொன்ன மை சோதனையும் செய்து பார்த்துவிட்டேன். எனக்கு இடித்தது கப். 2பியின் ஸ்லைடு குழாயின் உள்விட்டம், அதாவது போர், ஒரு காலில் 0.481 அங்குலம், மறு காலில் 0.491. வடகரையின் 88எச் 0.547. இவ்வளவு வித்தியாசமுள்ள கருவிகளுக்கு ஒரே கப் எப்படிச் சரியாகும்? ஆனால் இன்றைக்குப் பள்ளியிலேயே எல்லோரையும் 6½ஏஎல், 5ஜி என்று பெரிய கப்பில் பழக்கிவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தோடு 2பிக்கு வந்தால் உதட்டுக்குச் சுகமாகத்தான் இருக்கும், கருவிக்குச் சுகமில்லை. ஆழமான கப் வைத்தால் ஒலி மங்கிப் பரவுகிறது, மேல் ஸ்தாயி இறங்குகிறது, கிங்கின் அந்தப் பளிச்சென்ற கூர்மை போய்விடுகிறது. இந்தக் கருவிகளைச் செய்த காலத்தில் கப் சின்னது, விளிம்பும் ஒடுங்கியது. 12சி மாதிரியான அளவுக்கு நான் இறங்கினேன், பாக் கணக்கில் அதன் கப் விட்டம் 24.5 மி.மீ., 6½ஏஎல் 25.4 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, ஆனால் வேறு கருவி போல ஆகிவிட்டது.

பாக் எண்களில் எண் குறையக் குறைய விட்டம் கூடும் என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன், எழுத்து ஆழத்தைக் குறிக்கும், ஏ ஆழம், சி ஆழம் குறைவு. வேறு கம்பெனி எண்களை இதோடு நேராக ஒப்பிடக் கூடாது. விட்டத்தை விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே அளக்கிறார்கள் என்பது ஆளுக்கு ஆள் வேறு, அதனால் 25.5 என்று போட்ட இரண்டு மவுத்பீஸ்கள் உதட்டில் ஒன்றுபோல இருக்காது.

வடகரை:
தாழிசை அக்கா, அப்படியானால் உதடு பழகிய ரிம்மை, அதாவது விளிம்பை, விட்டுவிட வேண்டுமா? எனக்கு இரண்டு கருவியும் மாறி மாறி வாசிக்க வேண்டியிருக்கிறது, அதுதான் கவலை.

தாழிசை:
உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம், இரண்டும் பெரிய போர் கருவிகள், ஒரே ரிம், ஏறக்குறைய ஒரே கப் போதும், ஷாங்க் மட்டும்தான் வேறாக வேண்டும். எனக்குத்தான் அந்தத் தலைவலி இருந்தது. இதற்கென்றே ரிம், கப், ஷாங்க் மூன்றையும் தனித்தனியாகத் திருகி மாட்டும் மவுத்பீஸ்கள் உண்டு, அமெரிக்காவில் டக் எலியட் இந்த வகையில் பெயர் பெற்றவர். விலை கூடுதல்தான், ஆனால் ரிம்மை மாற்றாமல் கீழே கப்பையும் ஷாங்கையும் கருவிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். பழைய கருவிகள் ஒன்றுக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன். ஒரே ஒரு பழைய கருவிக்காக என்றால் அவ்வளவு செலவு தேவையில்லை.

சுருதிப்பெட்டி:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். போர் அளவைப் பார்த்து ஷாங்க் அளவை ஊகிக்க வேண்டாம். 0.547க்கு எல்லோரும் பெரிய ஷாங்க்தான், 0.508 வரை பொதுவாகச் சிறியது. நடுவில் 0.525 பக்கம்தான் குழப்பம், பாக் 36 போன்றவற்றில் பெரிய போர் என்று நினைத்துப் பெரிய ஷாங்க் வாங்கிவிட்டு முழிப்பவர்கள் உண்டு, பழையவை சிறிய ஷாங்கை ஏற்கும். வாங்குவதற்கு முன் வெர்னியர் காலிபர் வைத்து ரிசீவர் வாயின் உள்விட்டத்தை அளந்துவிட்டால் எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிடும்.

நெய்தல்:
பார்த்துவிட்டேன். கைப்பிடி கிடையாது, அதனால் டெனர்தான். டியூனிங் ஸ்லைடு முழுதாக வெளியே வந்தாலே 2 செ.மீ. சொச்சம்தான் இருக்கிறது, 3.5 வருவதற்கு வழியே இல்லை. ஹை-பிட்ச்தான் போலிருக்கிறது. ரிசீவர் வாயை அளந்தால் இன்றைய சிறிய ஷாங்க் கருவிகளின் வாயை விட ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவு சிறியதாக இருக்கிறது. இதற்கு என்ன மவுத்பீஸ்?

பித்தளைப் பட்டறை:
அளந்தது நல்லது தம்பி. ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் மவுத்பீஸ் 20 மி.மீ. வெளியே நிற்கும், நீங்கள் முக்கால்வாசி வெளியே என்று எழுதியது அதுதான். பழைய பிரிட்டிஷ் ஒல்லிக் குழாய் கருவிகளில் இது சாதாரணம். அவர்கள் ஆர்க்கெஸ்ட்ராக்களே 1950கள் வாக்கில்தான் அமெரிக்க அகலக் குழாய்ப் பக்கம் திரும்பினார்கள், அதற்கு முந்தைய ஷாங்குகள் அவரவர் அளவு.

உங்கள் விஷயத்தில் கடைவது கொஞ்சம் கவனமான வேலை. இங்கே டேப்பர் ஒன்றாக இருந்தாலும் மொத்தத் தடிமனே குறைய வேண்டும், நுனியிலும் உலோகம் போகும். 12சி ஷாங்கின் நுனியில் சுவர் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் அளக்கச் சொல்லுங்கள், கடைந்த பிறகு காகிதம் போல ஆகிவிடும் என்றால் விட்டுவிடுங்கள். அதற்கு முன்பு சபை அலமாரிகளில், பழைய பேண்ட் பெட்டிகளில் தேடிப் பாருங்கள், அந்தக் காலத்து மவுத்பீஸ் ஒன்று எங்கேயாவது கிடக்கும், கோப்பை கூம்பு மாதிரி ஆழமாக, விளிம்பு மெல்லியதாக இருந்தால் அதுதான். அது கிடைத்தால் கருவியின் குரலே மாறிவிடும். முதல் வேலை மட்டும் டியூனிங் ஸ்லைடு. சுருதி சேராத கருவிக்கு மவுத்பீஸ் தேடி என்ன பயன்? ஒவ்வொரு காலிலும் ஒன்றரை, இரண்டு செ.மீ. நீட்டம் பற்றவைத்துத் தர பித்தளை வேலை தெரிந்த எந்த நல்ல கைக்காரராலும் முடியும், அசல் ஸ்லைடை வெட்டாமல் புதிதாக ஒன்று செய்யச் சொல்லுங்கள். இன்னொன்று, குழாய் நீண்டதால் பொசிஷன்களும் ஒவ்வொன்றும் கொஞ்சம் தள்ளிப் போகும், வாசிக்கிற பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிவிடுங்கள்.

வடகரை:
தாமதமாக எழுதுகிறேன். பழைய ரெமிங்டன் மவுத்பீஸ் ஒன்று கிடைத்துவிட்டது. மை பூசிப் பார்த்தேன், மேலிருந்து கீழ் வரை சீராக அழிந்தது, தட்டினால் அசையவே இல்லை. மேல் பி-ஃபிளாட் கீழே உள்ள இரண்டோடும் சேர்ந்து நிற்கிறது, சுரம் மாறும்போது அந்த வழுக்கல் இல்லை. ஒலி என் மற்றக் கருவியை விட இலகுவாகவும், மெல்ல வாசிக்கும்போது உருண்டையாகவும் வருகிறது, இதற்காகத்தான் இந்தக் கருவியை ஆட்கள் தேடுகிறார்கள் என்று இப்போது புரிகிறது. லீட்பைப்பை உருவும் எண்ணம் எனக்கு இல்லை. ஏழாம் பொசிஷன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே குறை, ரிம்மில் வெள்ளி முலாம் பாதி போய்ப் பித்தளை தெரிகிறது. ஒரு மணி நேரம் வாசித்தால் உதடு எரிகிறது. வேறு மவுத்பீஸ் தேட வேண்டுமா?

ஏழாம் பொசிஷன்:
கோபமெல்லாம் இல்லை, மேல் பி-ஃபிளாட் நின்றுவிட்டது என்றால் அதற்கு மேல் என்ன வேண்டும். அந்த 5ஜியையும் ஒன்று கடைந்து வைத்துக்கொள்ளுங்கள், மாற்றுக்கு உதவும்.

பித்தளைப் பட்டறை:
வேறு தேட வேண்டாம், மறுமுலாம் போடக் கொடுங்கள். பித்தளை நேராகப் பட்டால் சிலருக்குத் தோல் எரியும், பச்சைக் களிம்பும் சேரும், அதோடு தொடர்ந்து வாசிப்பது நல்லதில்லை. வெள்ளி சிலருக்குப் பிடிக்காது, அவர்கள் தங்க முலாம் போடுவார்கள். கொடுக்கும்போது இரண்டு விஷயம் அழுத்திச் சொல்லுங்கள்: ரிம்மைப் பளபளப்பாக்குகிறேன் என்று சக்கரத்தில் வைத்துத் தேய்க்கக் கூடாது, விளிம்பின் வடிவம் போய்விடும். ஷாங்கை அறவே தேய்க்கக் கூடாது, 0.1 மி.மீ. கணக்கு மேலே எழுதியிருக்கிறேன். முலாம் போட்டு வரும்வரை அந்தப் பாக் 5ஜியை இதில் வைத்து இறுக்கி அழுத்தி வாசிக்காதீர்கள், ரிசீவர் வாய் விரிந்துவிடும்.

நெய்தல்:
பட்டறை சார், புது டியூனிங் ஸ்லைடுக்கு நாகர்கோவிலிலேயே ஒருவர் ஒப்புக்கொண்டார். பழைய பெட்டியில் தேடியதில் கூம்புக் கோப்பை மவுத்பீஸ் ஒன்றும் அகப்பட்டது, ஷாங்க் நுனி சற்று நசுங்கியிருக்கிறது. நானே நிமிர்த்தலாமா?

பித்தளைப் பட்டறை:
சுத்தியல் எடுக்காதீர்கள். ஷாங்க் நுனிக்கென்று கூரான எஃகுக் கூம்பு இருக்கிறது, அதை உள்ளே வைத்துச் சுற்றிக்கொண்டே மெல்லத் தட்டினால் வட்டத்துக்கு வந்துவிடும். ஸ்லைடு செய்து தருபவரிடமே கொடுங்கள், அவரிடம் இருக்கும். நிமிர்ந்த பிறகு மை பூசிப் பார்த்து, எங்கே அழிந்திருக்கிறது என்று ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.